சுழலும் டிரேஸ் கோப்பை வரி தவறாமல் படிப்பது எப்படி?

தரமணியில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், நள்ளிரவு 12 மணியை ஒட்டி தினமும் சில டிரேஸ் வரிகள் (புரோகிராம் தான் செய்வதை எழுதிவைக்கும் பதிவுகள்) காணாமல் போயின. இரண்டு நாள் நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால், அது கோப்பு சுழலும் நேரம், அதாவது பழைய கோப்பை ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்கும் நேரம். எங்கள் ரீடர், அதாவது அந்த வரிகளைப் படித்து மறுமுனைக்கு அனுப்பும் புரோகிராம், கோப்பின் பெயரை மட்டும் நம்பியிருந்தது.

முதலில் இதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். கோப்பைச் சுழற்றும் லாக்ரொட்டேட் கருவி வழக்கமாகப் பெயரைத்தான் மாற்றுகிறது. 'டிரேஸ்.லாக்' என்பது 'டிரேஸ்.லாக்.1' ஆகிவிடும், பழைய பெயரில் புதுக் காலிக் கோப்பு வரும். லினக்ஸில் எல்எஸ் கட்டளையை ஐ ஆப்ஷனோடு ஓட்டினால் ஐநோடு எண் தெரியும்; பெயர் மாறினாலும் மாறாத, கோப்பின் அடையாள எண் அது. சுழற்சிக்கு முன் டிரேஸ்.லாக் பக்கத்தில் 5231 இருந்தால், அப்புறம் அதே 5231 டிரேஸ்.லாக்.1 பக்கத்தில் இருக்கும்.

ஆகவே ஐநோடு எண்ணையும், எத்தனை பைட் வரை படித்தோம் என்ற ஆஃப்செட்டையும் சேர்த்துக் குறித்துவையுங்கள். முழு வரி முடிந்த இடத்துக்கு மட்டுமே ஆஃப்செட்டை நகர்த்துங்கள்.

கோப்பின் முடிவுக்கு வந்ததும், அந்தப் பெயரின் ஐநோடு எண்ணை மறுபடி பாருங்கள். மாறவில்லையா, காத்திருங்கள். மாறிவிட்டதா, பழைய கோப்பை உடனே மூடாதீர்கள். எழுதும் புரோகிராம் இன்னும் கொஞ்ச நேரம் பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கலாம். தண்ணீர் லாரியில் குடம் பிடித்தவர்களுக்குத் தெரியும்: அடுத்த லாரி வந்து நின்றாலும், ஓஸில் மிச்சமிருப்பதைப் பிடித்துவிட்டுத்தான் நகர்வோம். எங்கள் வரிகள் தொலைந்தது இந்த இடத்தில்தான்.

ஐநோடு அதேதான், ஆனால் கோப்பின் அளவு ஆஃப்செட்டைவிடக் குறைவு என்றால், காப்பிடிரங்கேட் முறையில், அதாவது நகலெடுத்துவிட்டு அசலை வெறுமையாக்கும் முறையில், கோப்பு காலியாக்கப்பட்டிருக்கிறது. 0-இலிருந்து படியுங்கள். நகலெடுப்பதற்கும் காலியாக்குவதற்கும் நடுவே எழுதப்பட்ட வரிகள் போனது போனதுதான். டிரேஸுக்கு இந்த முறை வேண்டவே வேண்டாம்.

இந்த ஐநோடு, ஆஃப்செட் குறிப்பைச் சேமிக்கும்போது தற்காலிகக் கோப்பில் எழுதி, எஃப்சிங்க் செய்து (வட்டில் உண்மையிலேயே எழுதவைத்து), அதே ஃபோல்டரில் பெயர் மாற்றுங்கள். அதுவும் மறுமுனை 'வந்து சேர்ந்தது' என்று சொன்ன பிறகுதான். நடுவில் ரீடர் நின்றால் சில வரிகள் இரண்டு முறை போகும், பரவாயில்லை.

மறுபடி தொடங்கும்போது, குறித்த ஐநோடு எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேடி, அங்கிருந்து பழையது முதல் புதியது வரை வரிசையாக வாருங்கள். பழைய கோப்பை ஜிசிப் செய்து சுருக்கினால் ஐநோடு மாறிவிடும். சுருக்குவதைத் தள்ளிப்போடும் டிலேகம்ப்ரஸ் ஆப்ஷனை லாக்ரொட்டேட்டில் வைத்தால் ஒரு சுற்று அவகாசம் கிடைக்கும். அழிந்த கோப்பின் எண் புதிய கோப்புக்கும் வரலாம் என்பதால், முதல் வரியின் ஹாஷையும் (அந்த வரியிலிருந்து கணக்கிடும் சிறு அடையாளத்தையும்) கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, சோதனை. 1 முதல் 1,00,000 வரை எண்ணிட்ட வரிகளை எழுதவிட்டு, நடுவே கட்டாயமாகச் சுழற்றுங்கள், ரீடரையும் ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள். மறுமுனையில் விடுபட்ட எண் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.