பிரதான வால்வு பூட்டாமல் போகும்போது செய்யும் தவறுகள்

குளியலறைக் குழாய் முறிந்து தண்ணீர் பீறிடும் வேளையில், பிரதான வால்வைப் பூட்ட ஓடுகின்ற ஒருவர் முதலில் செய்யும் தவறு பலத்தைக் காட்டுவதுதான். தகடு ஒன்று இறங்கித் தண்ணீரை அடைக்கும் கேற் வால்வு ஆண்டுக்கணக்காகத் தொடப்படாதிருந்தால், அதன் உள்ளே, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகின்ற அதே சுண்ணாம்பு, தகடு இறங்கும் பள்ளத்திலும் இறுகியிருக்கும். வன்னியின் பல கிணறுகளில் தண்ணீர் கடினமானது என்பதால், மீள்குடியேற்றத்தின் பின் பொருத்திய வால்வுகள் பலவற்றின் நிலை இதுவாகவே இருக்கும். பைப் றெஞ்சைப் போட்டு முறுக்கினால் தண்டு முறியும். எங்கள் வீட்டில் பச்சை பிடித்த பித்தளைத் துண்டு கைபிடியோடு கையிலேயே வந்துவிட்டது. அரைச் சுற்றுப் பூட்டி, கால் சுற்றுத் திறந்து, மீண்டும் சிறிது பூட்டி என்று பொறுமையாக அசைத்தால், படிவு உதிர்ந்து தகடு இறங்குவதுண்டு. இளகட்டும் என்று மண்ணெண்ணெயையோ பழைய ஒயிலையோ ஊற்றக்கூடாது. குடிக்கும் தண்ணீரில் அது கலக்கக்கூடும்.

கைபிடியின் கீழே தண்ணீர் கசிந்தால் வால்வே பழுதாகிவிட்டது என்று எண்ணவேண்டாம். தண்டைச் சுற்றியுள்ள நட்டை எட்டில் ஒரு பங்கு சுற்று இறுக்கினாலே அது பெரும்பாலும் நின்றுவிடும்.

வால்வை மாற்றத்தான் வேண்டும் என்றால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் குழாயை வெட்டுவதே எல்லாவற்றிலும் பெரிய தவறு. 1000 லீற்றர்த் தாங்கி நிறைந்திருந்தால் அதிலுள்ள தண்ணீரின் எடை மட்டும் ஒரு தொன்; வெட்டிய இடத்தால் அவ்வளவும் பாயும். மிதவைச் சுவிச் பொருத்திய வீடுகளில் தாங்கி வடிய வடிய மோட்டர் தானாகவே ஓடத் தொடங்கிவிடும் என்பதை மறந்து, முற்றம் முழுவதும் சேறாக்கியவர்கள் உண்டு. ஆகவே மோட்டரின் மின்சாரத்தை முதலில் நிறுத்தி, வேண்டிய தண்ணீரை வாளிகளில் பிடித்துக்கொண்டு, ஆகத் தாழ்வான குழாயைத் திறந்து தாங்கியை வடியவிட வேண்டும். நீர் வழங்கல் சபையின் இணைப்பு உள்ள வீட்டில் மீற்றருக்கு முன்னுள்ள வால்வு சபைக்குரியது; அதைத் தாமாகத் திருகாமல் அலுவலகத்துக்கு அறிவிப்பதே முறை.

புதிதாகப் பொருத்துவதற்கு, உள்ளே துளையுள்ள பந்து ஒன்று திரும்பிக் கால் சுற்றில் பூட்டும் ‘போல்’ (ball) வால்வையே நான் விரும்புவேன். பிடி குழாயின் நீளத்தோடு நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் பூட்டியிருக்கிறது என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். பிடி திரும்புவதற்குச் சுவரிலிருந்து இடம் விடாமல் ஒட்டுவதும், ஈரக் குழாயில் பசை பூசுவதும், பசை காயுமுன் தண்ணீரைத் திறப்பதும் அன்றைய வேலையை மறுநாளும் செய்யவைக்கும். அருகில், கழற்றி மாட்டக்கூடிய இணைப்பான யூனியன் ஒன்றையும் போட்டுவிட்டால், அடுத்த முறை குழாயை வெட்டத் தேவையில்லை. கூரைமேல் வெயிலில் கிடக்கும் பிளாஸ்ரிக் வால்வு சில ஆண்டுகளில் நொறுங்கத் தொடங்குவதால், அதற்கு ஒரு மறைப்பும் வேண்டும். மாரிக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் முழுதாகப் பூட்டித் திறந்துவந்தால் தகடும் பந்தும் இறுகமாட்டா.