மரக்கிண்ண ஹெட்போனின் புதிய பதிப்பு: வாங்குமுன் சோதிப்பது எப்படி?

எங்கள் வீடு கும்பகோணத்தில் பாத்திரப் பட்டறைத் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குத் தட்டத் தொடங்கினால் மாலை விளக்கு வைக்கும் வரை ஓயாது. அதோடு கூடத்து மின்விசிறியின் கடகடப்பு வேறு. பின்பக்கம் திறந்த ஹெட்போனை இங்கே மாட்டிக்கொண்டால் வீணையோடு பித்தளைக் குடமும் சேர்ந்து கேட்கும். அதனால் காதின் மேல் அமரும் கிண்ணங்கள் பின்பக்கம் மூடியிருக்கும் மர ஹெட்போன் ஒன்றை ஆறு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி பொங்கலுக்கு வந்தபோது அதே மாதிரியின் புதிய பதிப்பைக் கொண்டுவந்தான். மூன்று வாரம் இரண்டும் என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அந்த மூன்று வாரத்தில் நான் செய்தவற்றைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். மாதிரியின் பெயர் இங்கே தேவையில்லை, எந்த ஜோடிக்கும் இந்த முறை பொருந்தும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் ஊர்க்காரர்களுக்கு மரம் என்றதும் இசை நினைவுக்கு வரும். தஞ்சாவூர் வீணை பலா மரத்தில் பிறப்பது, 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் வழியில் உள்ள நரசிங்கம்பேட்டையில், பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் காய்ந்த ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிறார்கள். அதற்கு 2022இல் அந்தக் குறியீடு கிடைத்தது. இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவர்கள் ஹெட்போனில் உள்ள மரமும் இசைக்கும் என்று நம்பிவிடுகிறோம். உண்மை நேர் எதிரானது. வீணைக் குடத்தின் வேலை தந்தியின் அதிர்வை வாங்கிப் பாடுவது. ஹெட்போன் கிண்ணத்தின் வேலை வாயை மூடிக்கொண்டிருப்பது. உள்ளே அதிரும் சவ்வு முன்பக்கம் காதுக்கு ஒலி தருவதுபோலவே பின்பக்கமும் ஒலியைத் தள்ளுகிறது. அந்தப் பின்னொலி கிண்ணச் சுவரில் மோதித் திரும்பி, பாட்டோடு கலந்தால் பானைக்குள் தலையை விட்டுக் கேட்பதுபோல் இருக்கும். நல்ல கிண்ணம் அதை விழுங்கிவிடும். மரம் அதற்கு உதவும் என்றாலும், கிண்ணத்தின் வடிவமும் உள்ளே அடைத்திருக்கும் பஞ்சும் மரத்தின் சாதியைவிட முக்கியம் என்பது என் கருத்து.

படி 1: என்ன மாறியிருக்கிறது என்று எழுதுங்கள்

புதிய பதிப்பு என்றால் எல்லாம் புதிது என்று பொருள் அல்ல. ஜப்பானின் ஃபாஸ்டெக்ஸ் நிறுவனம் 2012இல் வெளியிட்ட டிஹெச்900, உருஷி என்னும் அரக்குப் பூச்சோடு வந்த பெயர்பெற்ற மர ஹெட்போன். அதன் இரண்டாம் பதிப்பில் கண்ணில் படும் முக்கிய மாற்றம், கேபிளைக் கழற்றி மாட்டலாம் என்பதுதான். அது சிறிய விஷயம் அல்ல, ஹெட்போனில் முதலில் சாவது கேபிள்தான். ஆனால் அதற்காக ஒலியும் மாறியிருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒரு தாளில் கேபிள், குஷன், தலைப்பட்டை, டிரைவர் (சவ்வை அதிரவைத்து ஒலி எழுப்பும் உட்பகுதி), கிண்ணம் என்று எழுதி ஒவ்வொன்றுக்கும் எதிரே மாறியதா இல்லையா என்று குறியுங்கள். என் தம்பியின் ஜோடியில் குஷன் தடிமனாகியிருந்தது, கேபிள் மாறியிருந்தது, டிரைவரும் மேம்பட்டது என்று பெட்டியில் அச்சடித்திருந்தார்கள்.

படி 2: கையும் கண்ணும்

கிண்ணத்தின் விளிம்பில் விரிசல், பூச்சில் குமிழி, இரண்டு கிண்ணங்களின் ரேகைப் பொருத்தம் ஆகியவற்றைப் பாருங்கள். ரேகை ஒன்றுபோல் இல்லாவிட்டால் குறை இல்லை, மரம் அப்படித்தான். பிறகு விரல் முட்டியால் கிண்ணத்தை மெல்லத் தட்டுங்கள். "தொக்" என்று அடங்கினால் நல்லது. "டங்" என்று நீண்டால் சந்தேகப்படுங்கள். எடையும் முக்கியம். ருமேனியாவைச் சேர்ந்த மெசே (Meze) நிறுவனத்தின் வால்நட் மர 99 கிளாசிக்ஸ் ஏறத்தாழ 260 கிராம். 400 கிராமை நெருங்கும் மர ஹெட்போன்களும் உண்டு. ஒரு கச்சேரி முழுக்கக் கேட்பவருக்கு இந்த வித்தியாசம் கழுத்தில் தெரியும்.

படி 3: காற்று கசிகிறதா?

மூடிய ஹெட்போனில் பேஸ் என்னும் கனத்த கீழ்ஒலி, குஷன் காதைச் சுற்றி எவ்வளவு இறுக்கமாக அமர்கிறது என்பதைப் பொறுத்தது. கண்ணாடியின் காது, தடித்த தோடு, கொத்தாக விழும் முடி எல்லாமே அந்த அமர்வைக் கெடுக்கும். கைபேசியில் 40 ஹெர்ட்ஸ் ஒலியைத் தரும் செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு சிறிய ஒலியளவில் ஓட்டுங்கள். குஷனை விரலால் மெல்ல அழுத்துங்கள். ஒலி சட்டென்று கூடினால் அதுவரை காற்று கசிந்துகொண்டிருந்தது என்று பொருள். நான் கண்ணாடி போட்டும் போடாமலும் சோதித்தேன். பழைய ஜோடியில் பேஸ் பாதியாகிவிட்டது, புதியதில் தடித்த குஷன் கண்ணாடியின் காதை விழுங்கிக்கொண்டது. எனக்கு இது ஒன்றே பெரிய வித்தியாசம். கண்ணாடி போடாதவருக்கு இது ஒன்றுமே இல்லை.

படி 4: இடமும் வலமும்

நடுவில் நின்று பாடும் குரல் உங்கள் மூக்குக்கு நேராகக் கேட்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்போனை இடவலம் மாற்றி மாட்டிப் பாருங்கள். சாய்வும் மறுபக்கம் போனால் குறை ஹெட்போனில். அதே காதில் நின்றால் குறை உங்களிடம். இதைச் செய்யாமல் ஒருமுறை தஞ்சாவூர்க் கடைக்காரர் ஒருவரிடம் அரைமணி நேரம் வாதாடியிருக்கிறேன். மறுவாரம் காது மருத்துவர் அழுக்கை எடுத்ததும் ஹெட்போன் சரியாகிவிட்டது. அந்தக் கடைப் பக்கம் இப்போதும் தலைகுனிந்துதான் போகிறேன்.

படி 5: ஒலியளவைச் சமன் செய்யுங்கள்

இதைச் செய்யாமல் இரண்டு ஜோடிகளை ஒப்பிடுவது வீண் வேலை. கொஞ்சம் சத்தமாகக் கேட்பது எதுவோ அதையே காது நல்லது என்று சொல்லும். ஒன்று ஒரு மில்லிவாட்டுக்கு 100 டெசிபலும் மற்றொன்று 103 டெசிபலும் தருவதாக இருந்தால், கைபேசியில் ஒலியளவைத் தொடாமலே இரண்டாவது பெரும்பாலும் வென்றுவிடும். அந்த மூன்று டெசிபலை ஈடுகட்ட முதலாவதற்கு இருமடங்கு மின்திறன் வேண்டும்.

செய்முறை எளிது. கெட்டி அட்டை ஒன்றின் நடுவில் கைபேசி மைக் அளவுக்கு ஓட்டை போடுங்கள். ஹெட்போனை வேறொரு கருவியில் செருகி, ஒலியளவு காட்டும் செயலியை இந்தக் கைபேசியில் திறந்து, மைக்கை ஓட்டைக்கு நேரே வையுங்கள். அட்டையின் மறுபக்கம் குஷன் இடைவெளியின்றி படியட்டும். பிங்க் நாய்ஸ் என்னும் இரைச்சலை ஓட்டுங்கள், ஓட்டுக்கூரையில் விழும் மழைபோல் சீராக இருக்கும். மின்விசிறியை நிறுத்த மறக்காதீர்கள். இரண்டு ஜோடிகளுக்கும் ஒரே எண் வரும் ஒலியளவு நிலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை டெசிபல் வித்தியாசம் வரை விட்டுவிடலாம்.

படி 6: தெரிந்த ஒலியைக் கேளுங்கள்

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். தொடக்கக்காரர்கள் இணையத்தில் எல்லோரும் சொல்லும் மேல்நாட்டுப் பாடல்களை வைத்துச் சோதிக்கிறார்கள். அந்த டிரம்மை நேரில் கேட்டிராதவருக்கு அது சரியாக ஒலிக்கிறதா என்று எப்படித் தெரியும்? காவிரிக்கரையில் பிறந்தவருக்கு நாகஸ்வரமும் தவிலும் நேரில் தெரியும், ஒரு கல்யாணம் தவறியதில்லை. இந்த ஆண்டு திருவையாற்று ஆராதனைக்குப் போய் மேடைக்கு அருகில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, அன்று இரவே ஹெட்போனை மாட்டினேன். அதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்காது.

தம்புராவில் தொடங்குங்கள். ஒரு கட்டை சுருதியில் மத்திய ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ், மந்தர ஷட்ஜத் தந்தி அதில் பாதி. நம் கச்சேரியில் குரலும் தந்தியும் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக இறங்குவதில்லை. ஆகவே பெட்டியில் "5 ஹெர்ட்ஸ் முதல்" என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். தம்புராவில் கவனிக்க வேண்டியது உயர்ந்த ஒலிகளில் இருக்கிறது. தந்திக்கும் குதிரைக்கும் இடையே வைக்கும் ஜீவா நூலால் எழும் மினுமினுப்பு, தந்தியின் ஒலி தேய்ந்து அடங்கும் வரை தொடர்ந்து கேட்க வேண்டும். பாதியில் மங்கினால் ஹெட்போனில் உயர்ஒலி மந்தம்.

அடுத்து மிருதங்கம். தொப்பி என்னும் இடப்பக்கத்தில் ரவைப் பசை பூசி எழுப்பும் கும்கியில் ஒலி வழுக்கி ஏறுவது தெளிவாகத் தெரிய வேண்டும். வெறும் "தும்" மட்டும் வந்தால் பேஸ் ஊதிப் பெருத்திருக்கிறது. என் பழைய ஜோடியின் நோய் இதுதான், புதியதில் ஓரளவு குணமாகியிருக்கிறது. தவிலில் சொற்களுக்கு நடுவே உள்ள மௌனத்தைக் கேளுங்கள். வலது விரல்களில் போடும் கூடுகளின் சுள்ளென்ற அடியும், பூவரசங்கழியின் கனத்த அடியும் தனித்தனியே வந்து விழுந்து அடங்க வேண்டும். அடங்காமல் ரீங்காரம் தொடர்ந்தால் அது தவில் அல்ல, நான் முன்பு சொன்ன பானை.

நாகஸ்வரம் கடுமையான பரீட்சை. வாயில் வைத்து ஊதும் சீவாளியின் கூர்மை, சுமார் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை, காது மிக நுட்பமாக உணரும் இடத்திலேயே வந்து குத்தும். ஹெட்போனில் அந்த இடம் எழும்பியிருந்தால் பத்து நிமிடத்தில் கழற்றிவிடுவீர்கள். அதற்குப் பயந்து அமுக்கியிருந்தால் கிளாரினெட் போல் சாதுவாகிவிடும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கைக்கொண்ட நீளமான பாரி நாகஸ்வரத்துக்கும் அதற்கு முந்தைய குட்டையான திமிரிக்கும் உள்ள சுருதி வேறுபாட்டையும் நினைவில் வையுங்கள். திமிரி வகையில் கூர்மை இயல்பாகவே அதிகம். ஒன்றிரண்டு ஒலிப்பதிவை மட்டும் கேட்டு முடிவெடுக்காதீர்கள். கோயில் ஒலிபெருக்கியிலிருந்து பதிந்த பழைய நாடாவின் கரகரப்புக்கு ஹெட்போன் என்ன செய்யும்?

கடைசியாக வீணையும் ஒரு குரலும். மர ஹெட்போன்கள் பலவற்றில் பேஸும், உயர்ஒலியான ட்ரெபிளும் தூக்கி, நடுஒலி குழிந்திருக்கும். பாடகர் இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்துவிடுவார். புதிய பதிப்பில் குரல் முன்னே வந்திருந்தது. வீணையின் கமகத்தில் தந்தியை இழுக்கும் உரசல்கூடக் கேட்டது.

படி 7: குஷனை மாற்றிப் பாருங்கள்

இரண்டு பதிப்புக்கும் ஒரே அளவுக் குஷன் பொருந்தினால் மட்டும் இதைச் செய்யுங்கள். பழைய குஷனைப் புதியதில் மாட்டி, ஒலியளவை மீண்டும் சமன் செய்து, கும்கியையும் குரலையும் மறுபடி கேட்டேன். நான் வியந்த வேறுபாட்டில் பெரும்பகுதி காணாமல் போனது. குஷன் தடித்தால் காது டிரைவரிலிருந்து விலகுகிறது, உள்ளே காற்றின் கொள்ளளவும் மாறுகிறது, ஒலி மாறாமல் என்ன செய்யும்? அரை மணி நேரம் தம்பியிடம் புதிய டிரைவரைப் புகழ்ந்து பேசியவன் நான்தான். கண்ணை மூடிக்கொண்டு தம்பியை மாட்டிவிடச் சொல்லியும் பார்த்தேன். எடையிலேயே எது எது என்று தெரிந்துவிட்டதால் அந்தச் சோதனை செல்லாது.

படி 8: ஒரு வாரம் வாழ்ந்து பாருங்கள்

நூறு மணி நேரம் ஓட்டினால் ஒலி பழுக்கும் என்பார்கள். பழுப்பது பெரும்பாலும் குஷனும் நம் காதின் பழக்கமும்தான் என்று நினைக்கிறேன். இந்த வாரத்தில் பார்க்க வேண்டியவை வேறு: வியர்க்கிறதா, தாடை வலிக்கிறதா, கேபிள் சட்டையில் உரசுவது காதில் கேட்கிறதா. ஒலியளவிலும் கவனம் வேண்டும். பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை ஈரம் செயற்கைத் தோலை உரித்துவிடும். என் பழைய குஷன் மூன்றாவது மழைக்காலத்தில் கருப்புச் செதிலாகக் காதில் ஒட்டத் தொடங்கியது. பயன்படுத்தியதும் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு துணிப்பையில் வையுங்கள். பாலிதீன் பையில் கட்டி வைக்காதீர்கள்.

தம்பி புதிய ஜோடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டான். அந்தத் தடித்த குஷன் மட்டும் ஒரு ஜோடி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஐப்பசிக்கு முன் வந்துவிட்டால் நல்லது, இடது பக்கத்தில் இப்போதே செதில் விழுகிறது.