கூடை கெடுவது முடைவதற்கு முன்பே

பிலிப்பைன்சின் பொஹோல் தீவில் அந்தெக்கேரா என்றொரு சிற்றூர். அதன் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மூங்கில், பிரம்பு, நிட்டோ எனப்படும் ஏறுபெரணியின் தண்டு ஆகியவற்றால் முடைந்த கூடைகள் விற்பனைக்கு வரும். இந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பின்னலையே கவனிக்கிறார்கள். பிழையோ அதற்கு வெகு முன்பே நேர்ந்துவிடுகிறது.

அந்த ஆண்டில் முளைத்த இளங்கழி நன்றாக வளையும் என்று வெட்டிவிடுவது முதல் தவறு. அதில் நீர் அதிகம். காய்ந்தால் சுருங்கி, பின்னல் தளர்ந்துவிடும். மாவுச்சத்தோடு விட்ட மூங்கிலை வண்டு துளைக்கும். சில மாதங்களில் கூடைக்கடியில் மெல்லிய பொடி கொட்டுவது அதனால்தான். வெட்டிய கழியை வாரக்கணக்கில் தண்ணீரில் ஊறப்போட்டால் மாவுச்சத்து பெருமளவு கரைந்துவிடும். அவசரத்தில் இதைத் தவிர்ப்பதைப் பார்க்கத்தான் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அத்தனை நாள் கைவேலையும் வண்டுக்கு இரையாகிறது.

மூங்கிலைப் பிளாச்சுகளாக, அதாவது மெல்லிய பட்டைகளாக, கிழிக்கும்போது உள்சதையை நீக்காமல் விடுவதும் வழக்கமாக நடப்பது. மூங்கிலின் வலுவான நார்கள் வெளித்தோலை ஒட்டியே நெருங்கி இருக்கின்றன. உள்பகுதி கனம் கூட்டுமே தவிர தாங்காது. கிழிப்பு ஒரு பக்கமாக ஓடினால் கத்தியை அழுத்தாதீர்கள். தடித்த பக்கத்தைச் சற்றுக் கூடுதலாக வளைத்தால் பிளவு தானே நடுவுக்குத் திரும்பும். அகலம் சீராக இல்லாத பிளாச்சுகளை எந்தக் கோலமும் காப்பாற்றாது.

ஈரத்திலும் அளவு உண்டு. உலர்ந்த பிளாச்சு வளைவில் முறியும். சொட்டச் சொட்ட நனைந்தது காய்ந்தபின் இடைவெளி விடும். உடலை முடைந்து, காயவிட்டு, மறுபடி இறுக்கித் தள்ளிய பிறகே விளிம்பைக் கட்ட வேண்டும்.

நிட்டோவை வேரோடு பிடுங்குவது எல்லாவற்றிலும் பெரிய கேடு. மிந்தோரோ தீவின் இராயா மங்யான் மக்களின் நுண்ணிய கூடைகளுக்கும் இதே பெரணிதான் ஆதாரம். முற்றிய தண்டை மட்டும் அறுத்து, மண்ணுக்குள் இருக்கும் கிழங்குத்தண்டை விட்டுவைத்தால் மறுபடி தழைக்கும்.

வாங்கியவர்களுக்கும் ஒன்று: கூடையை பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும்.