ஸ்டாட்டிக் போடும் முன்: எங்கே உதவும், எங்கே காலை வாரும்

ஒரு கிளாஸில் (ஆப்ஜெக்டுகளை உருவாக்க உதவும் வார்ப்பு) எதையாவது ஸ்டாட்டிக் ஆக்கும் முன், அதாவது தனித்தனி ஆப்ஜெக்டுக்கு இல்லாமல் கிளாஸுக்கே சொந்தமாக்கும் முன், கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்த மதிப்பு யாருக்குச் சொந்தம், எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும்? ஒவ்வொரு பயனருக்கும், ஒவ்வொரு ஆர்டருக்கும் மாறுவது என்றால் அது ஆப்ஜெக்டுக்குள்தான் இருக்க வேண்டும். எத்தனை ஆப்ஜெக்ட் உருவாக்கினாலும் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்றே போதும் என்றால் மட்டும் ஸ்டாட்டிக். பிஎச்பி என்ற நிரலாக்க மொழியை வைத்தே சொல்கிறேன், வெப் வேலையில் பலரும் இதை முதலில் தொடுவது அங்கேதான்.

ஆர்டர் என்ற கிளாஸில் ஸ்டாட்டிக் ப்ராப்பர்ட்டியாக (கிளாஸில் மதிப்பை வைக்கும் மாறி) $எண்ணிக்கை இருந்தால், கிளாஸுக்குள் அதை செல்ஃப்::$எண்ணிக்கை என்று எடுக்க வேண்டும். அந்த டாலர் குறியைக் கவனியுங்கள். -> போட்டு ஆப்ஜெக்டின் ப்ராப்பர்ட்டியை எடுக்கும்போது பெயருக்கு முன் டாலர் வராது, :: போடும்போது வரும். விட்டுவிட்டால் பிஎச்பி அந்தப் பெயரில் கான்ஸ்டன்ட் ஒன்றைத் தேடிப்போய், இல்லை என்று எரர் காட்டும். மாறவே மாறாத மதிப்பு என்றால் ஸ்டாட்டிக் எதற்கு, நேராகக் கான்ஸ்டன்டாகவே அறிவித்துவிடுங்கள்.

ஸ்டாட்டிக் மெத்தடுக்குள் (மெத்தட் என்பது கிளாஸில் உள்ள ஃபங்ஷன்), நடப்பு ஆப்ஜெக்டைக் குறிக்கும் $திஸ் கிடையாது. அதேபோல, சாதாரண மெத்தடைக் கிளாஸ் பெயர் போட்டு :: வைத்து அழைக்கும் பழைய கோடு பிஎச்பி 7-இல் எச்சரிக்கையோடு ஓடியது, 8-இல் எரர் வந்து நின்றுவிடும், பழைய தளத்தை மேம்படுத்துகிறவர்கள் இதை முதலிலேயே தேடிச் சரிசெய்துவிடுவது நல்லது. ஸ்டாட்டிக் மெத்தடுக்கு மிகப் பொருத்தமான இடம், கொடுத்ததை வாங்கி விடையைத் திருப்பித் தந்துவிட்டு எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாத வேலை. தலைப்பை யூஆர்எல்லுக்கு ஏற்ற வடிவில் மாற்றுவது, டேட்டாபேஸ் வரிசையிலிருந்து ஒரு ஆப்ஜெக்டை உருவாக்கித் தருவது மாதிரி.

அப்புறம் இன்ஹெரிட்டன்ஸ், அதாவது தாய் கிளாஸில் இருப்பதைச் சேய் கிளாஸ் பெறுவது. செல்ஃப்:: என்பது அது எழுதப்பட்ட கிளாஸையே குறிக்கும், ஸ்டாட்டிக்:: என்பது உண்மையில் அழைக்கப்பட்ட கிளாஸை, இது 2009-இல் வந்த பிஎச்பி 5.3-இலிருந்து இருக்கிறது. ஆனால் ஸ்டாட்டிக்:: போட்டுவிட்டால் மட்டும் ப்ராப்பர்ட்டி தனித்தனியாகிவிடாது. தாய் கிளாஸில், எண்ணைச் சாவியாக வைத்து எடுத்ததைச் சேமிக்கும் $கேஷ் என்ற ஸ்டாட்டிக் ப்ராப்பர்ட்டி இருந்து, பயனர், பொருள் என்ற இரண்டு சேய் கிளாஸ்களும் அதை மறுபடி அறிவிக்கவில்லை என்றால் இரண்டும் ஒரே பெட்டியில்தான் எழுதும், 5-ஆம் எண் பயனரைக் கேட்டால் 5-ஆம் எண் பொருள் வந்து நிற்கும். சேய் கிளாஸ் ஒவ்வொன்றிலும் திரும்ப அறிவியுங்கள், இல்லையென்றால் கேஷின் சாவியில் கிளாஸ் பெயரையும் சேருங்கள்.

இனி ஆயுள், இதில்தான் பெரிய ஆபத்து. வழக்கமான பிஎச்பி அமைப்பில் ஒரு ரிக்வெஸ்ட் (பிரவுசர் சர்வருக்கு அனுப்பும் கோரிக்கை) முடிந்ததும் ஸ்டாட்டிக் மதிப்பும் போய்விடும். அதனால் தளத்துக்கு வந்தவர்களை ஸ்டாட்டிக்கில் எண்ணினால் அது எப்போதும் 1-ஐத் தாண்டாது, அந்தக் கணக்கு டேட்டாபேஸிலோ, ரெடிஸ் என்ற நினைவகச் சேமிப்பிலோ இருக்க வேண்டும். பிஎச்பியை நிறுத்தாமல் ஓடவிடும் ஸ்வூல், லாரவெல் ஆக்டேன் போன்றவற்றில் கதை தலைகீழ்: ஒரே வொர்க்கர் (சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும் பிராசஸ்) அடுத்தடுத்த ரிக்வெஸ்டுகளைக் கவனிப்பதால் ஸ்டாட்டிக் மதிப்பு அப்படியே தங்கிவிடும். லாகின் செய்த பயனரை ஸ்டாட்டிக்கில் வைத்திருந்தால், அடுத்து வருகிறவருக்கு முந்தையவரின் விவரம் தெரிய வாய்ப்பு உண்டு. நோட், ஜாவா சர்வர்களில் எப்போதுமே இந்த நிலைதான், ஜாவாவில் பல த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் அதை மாற்றுகிற சிக்கலும் சேரும். பயனர், செஷன், கார்ட், மொழித் தேர்வு, இவை எதையும் ஸ்டாட்டிக்கில் வைக்காதீர்கள். இன்று உங்கள் அமைப்பில் சரியாக ஓடினாலும் வைக்காதீர்கள்.

டெஸ்ட் எழுதும்போதும் இதே தொல்லை வரும், ஒரு டெஸ்ட் விட்டுப்போன மதிப்பு அடுத்ததைக் கெடுக்கும். மதிப்பைப் பழையபடி ஆக்கும் மெத்தட் ஒன்று எழுதி ஒவ்வொரு டெஸ்ட் முடிவிலும் அழைக்கலாம். அப்படிப்பட்ட மெத்தட் நாலைந்து கிளாஸ்களில் தேவைப்பட ஆரம்பித்தால், ஸ்டாட்டிக்கை எடுத்துவிட்டு அதைச் சாதாரண ஆப்ஜெக்டாக்கி கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் மெத்தட்) வழியாக உள்ளே கொடுங்கள்.