வான் பிடித்து ஊர் சுற்றப் போகிறீர்களா? குளிக்குமிடத்தை முதலில் எழுதுங்கள்

வெளிநாட்டிலிருந்து இலங்கைக்கு, ஊர் பார்க்கப் போகிற குடும்பங்கள் வான் (van) பிடிக்கும்போது ஏசி வேலை செய்யுமா, எத்தனை பேர் இருக்கலாம், சாரதி எப்படிப்பட்டவர், நாளுக்கு எவ்வளவு என்றெல்லாம் விசாரிப்பார்கள். எங்கே குளிக்கப் போகிறோம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. முதல் முறை நாங்களும் யோசிக்கவில்லை. மெல்பேர்ணிலிருந்து நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் மாமியுமாக ஐந்து பேர். ஒரு ஹையேஸ் வானில் மூன்று கிழமை. கோயில்கள், சொந்தக்காரர் வீடுகள், கடற்கரைகள் என்று பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்பினோம். நாலாம் நாள் சின்னவனுக்கு முதுகு முழுக்க வேர்க்குரு. ஐந்தாம் நாள் மூத்தவளுக்கு வயிற்றோட்டம். முல்லைத்தீவில் ஒரு வீட்டு வாசலில் வானை நிறுத்திவிட்டு, மாமி பிள்ளைக்குப் போத்தல் தண்ணீரால் மேல் கழுவியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

இரண்டாம் முறை கொப்பியில் முதலில் எழுதியது ஒவ்வொரு நாளும் எங்கே குளிப்பது என்பதைத்தான். அதற்குப் பிறகே அவற்றுக்கு இடையில் கோயில்களையும் வீடுகளையும் வைத்தோம். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். பாதையைக் குளிப்பிடங்களை வைத்துப் போடுங்கள்.

நேரமும் முக்கியம். காலைக் குளிப்புக்காகக் காத்திருந்தால் பாதிப் பயண நேரம் அதிலேயே போய்விடும். காலையில் முகம், கை, கால் போதும். பிற்பகல் நாலு, நாலரைக்குள் ஐந்து பேரும் குளித்து முடித்துவிட வேண்டும். பொழுதுபட்டால் நுளம்பு வந்துவிடும், கிணற்றடி வழுக்கும், தோய்த்த உடுப்பும் காயாது. உறவினர் வீடு இல்லாத நாட்களில் வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு போன்ற நகரங்களில் ஒரு விடுதி அறையை இரண்டு மணித்தியாலத்துக்கு மட்டும் தரமுடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் தருவார்கள். முறை வைத்துக் குளித்து, போன்களுக்கு மின்னேற்றி, கொஞ்சம் முதுகை நீட்டிவிட்டுக் கிளம்பலாம்.

வழியில் வீடுகளில் கேட்பதற்கும் கூச்சப்பட வேண்டாம். மாமி படலையடியில் நின்று, “பிள்ளையள் வேர்த்து விறுவிறுத்துப் போச்சினம், கொஞ்சம் மேல் கழுவத் தண்ணி தருவீங்களோ?” என்று கேட்டால், “உள்ளுக்கு வாங்கோ, கிணத்தடியில குளியுங்கோ” என்றுதான் பதில் வரும். அந்த மனசுக்கு நாங்கள் செய்யக்கூடிய மரியாதை சிலது இருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. நிலத்தடிச் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிற்கிற மழைநீரைத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். மேலே ஊற்றுவது வெடிப்புகள் வழியாக வேகமாகக் கீழே இறங்கிவிடும். ஆகவே கிணற்றுக் கட்டில் நின்று சவர்க்காரம் போடாதீர்கள். தள்ளி நின்று, கழிவுநீர் வாழைக்கோ தென்னைக்கோ ஓடுகிற பக்கமாகக் குளியுங்கள். அந்தத் தண்ணீர் கடினநீர் என்பதால் நுரை குறைவாகத்தான் வரும். நுரைக்கவில்லையே என்று மேலும் மேலும் ஷம்பூவை ஊற்றாதீர்கள். கூந்தல் நீளமானவர்கள் கண்டிஷனர் கொண்டுபோவது நல்லது. மலசலகூடக் குழிகளும் கிணறுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ஊர் என்பதால், தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பிள்ளைகளுக்குப் பல் விளக்கவும் வாய் கொப்பளிக்கவும் கொதித்தாறிய நீரோ போத்தல் நீரோ கொடுங்கள்.

வெளிநாட்டில் பிறந்த பெண்பிள்ளைகளுக்குத் திறந்த கிணற்றடி பெரிய சங்கடம். குறுக்குக்கட்டுக் கட்டிக் குளிக்கிற பழக்கம் அவர்களுக்கு இல்லை, அதை அவர்கள் மேல் திணிக்கவும் கூடாது. கருமையான நிறத்தில் இறுக்கமில்லாத நீண்ட சட்டை ஒன்றும், உடை மாற்ற ஒரு பெரிய சாறமும் கொடுத்துவிடுங்கள். சாறத்தைத் தலைவழியாகப் போட்டு உள்ளுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளலாம். மூத்தவள் இரண்டு நாளில் பழகிவிட்டாள்.

தீவுப்பக்கம் போகும்போது மட்டும் தண்ணீர் கேட்காதீர்கள். நெடுந்தீவு, புங்குடுதீவுப் பக்கங்களில் பல கிணறுகள் உவர். ஆடி, ஆவணியில் நல்ல தண்ணீருக்குப் பவுசரை (தண்ணீர் லொறியை) எதிர்பார்த்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. அவர்கள் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், தங்களுக்கு வைத்திருப்பதை எடுத்துத் தந்துவிடுவார்கள். நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ படகேறுவதென்றால் வான் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றுவிடும். திரும்பி வந்து கழுவுவதற்கு ஐந்து லீற்றர் போத்தல்கள் நாலைந்தை வானிலேயே நிரப்பி வைத்துவிட்டுப் போங்கள். கோப்பையால் அளந்து ஊற்றினால் ஐந்து லீற்றரில் ஒரு பெரிய ஆள் வடிவாக மேல் கழுவிக்கொள்ளலாம். போத்தல் வெயிலில் இருந்தால் தண்ணீரும் இளஞ்சூடாகிவிடும்.

யாழ்ப்பாணத்தில் கீரிமலைக் கேணியை ஒரு குளிப்பு நாளாகவே வைத்துக்கொள்ளுங்கள். கடலை ஒட்டியே நன்னீர் ஊறி நிற்பதைப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல்லத் தோன்றும், சொல்லாதீர்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கேணிகள். திருகோணமலையில் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் இறங்கிக் குளிப்பதில்லை, வாளியால் அள்ளித்தான் ஊற்றுவது. ஒவ்வொன்றிலும் சூடு வேறாக இருக்கும் என்பதால் சின்னவர்களுக்குக் கையில் ஊற்றிப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். இரண்டு இடத்திலும் சவர்க்காரம் வேண்டாம். பலர் பிதிர்க்கடன் செய்யவும் நேர்த்தி வைத்தும் வருகிற நீர் அது.

வன்னிக் குளங்களைக் கண்டதும் எங்கள் வயதுக்காரருக்கு இறங்கி நீந்தத்தான் ஆசை வரும். முதலை உள்ள குளங்கள் பல. ஊர்ச்சனம் குளிக்கிற துறை எதுவென்று கேட்டு, அவர்கள் நிற்கும்போது மட்டும் படியோடு நின்று குளியுங்கள். மார்கழி மழைக்குப் போகிறவர்கள் வெள்ளத்துக்குள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களையும் எடுத்தது. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் உள்ள சின்னக் கீறல் வழியாகவும் உள்ளே போகும். மூடிய செருப்புப் போடுங்கள், புண்ணைக் கட்டுங்கள், வானில் ஏறும் முன் காலைச் சவர்க்காரத்தால் கழுவுங்கள். காய்ச்சல் வந்தால் ஊர் திரும்பும்வரை பொறுக்காமல் அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி ஒதுங்குகிற விஷயம். யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியில் பிள்ளை அவசரம் என்று அழுதால், பற்றைப் பக்கம் கூட்டிக்கொண்டு போகத் தோன்றும். முகமாலைப் பக்கத்தில் அப்படிச் செய்யாதீர்கள். போர் முடிந்தது 2009இல், மிதிவெடி அகற்றுவது அதற்குப் பிறகும் பல வருடங்களாக நடக்கிறது. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை கண்ணில் படாவிட்டாலும் தார் வீதியை விட்டு இறங்க வேண்டாம். வானில் மூடியுள்ள ஒரு சின்ன வாளியும் சாறமும் இருந்தால் அந்த அவசரம் வீதியோரத்தோடு முடிந்துவிடும். அதே வீதியில் முறிகண்டியில் எல்லா வாகனமும் நிற்கும். பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்குகிற அந்த நேரத்திலேயே, “எனக்கு வரவில்லை” என்கிற பிள்ளையையும் கழிவறைக்கு ஒருமுறை அனுப்பிவிடுங்கள். கச்சானைக் கை கழுவிய பிறகுதான் கொடுக்க வேண்டும். பெற்றோல் நிலையங்களிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் கழிவறை கிடைக்கும், ஆனால் ரிஷுவும் சவர்க்காரமும் இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். குந்தியிருந்து பழகாத பிள்ளைகளுக்குப் புறப்பட முன்பே வீட்டில் பழக்குங்கள், முழங்கால் வலிக்கிற பெரியவர்களுக்குக் கொமட் உள்ள இடமா என்று முதலே கேட்டுவையுங்கள். கழிவறைக்குக் காசு கொடுக்க 50, 100 ரூபாய்த் தாள்கள் முன்பையிலேயே இருக்கட்டும்.

மாதவிடாய் நாட்களுக்கு நாப்கின்களை இங்கிருந்தே கொண்டுபோங்கள். பாவித்ததைக் கடதாசியில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டு, ஒழுங்காகக் குப்பை எடுக்கிற நகரத்தில் சேருங்கள். குழிக் கழிவறைக்குள் போட்டால் அந்த வீட்டாருக்குத்தான் கஷ்டம். பம்பர்ஸுக்கும் அப்படியே.

வானுக்குள் எங்களுக்கு ஒரே ஒரு கட்டளைதான் இருந்தது. செருப்பு கதவடிக் கூடைக்குள், கால் துடைத்த பிறகுதான் இருக்கை. ஆவணியில் வன்னிப் புழுதியும் நல்லூர் வீதி மணலும் எல்லாவற்றிலும் ஏறிவிடும். கடற்கரை மணல் காலைவிட்டு இறங்காவிட்டால் தேய்க்காமல், கால் காய்ந்ததும் பவுடரைத் தூவித் தட்டிவிடுங்கள், தானாக உதிரும். கதவுப்பக்கம் குழாய் வைத்த ஒரு தண்ணீர்க் கானும், நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு சவர்க்காரக் கட்டியும் வையுங்கள். சானிடைசர் புழுதிக் கையைச் சுத்தமாக்காது. எங்கள் இரண்டாம் பயணத்தில் ஒரு பிள்ளைக்கும் வயிறு குழம்பவில்லை. அதற்கு அந்தக் கட்டிதான் காரணம் என்று மாமி உறுதியாகச் சொல்கிறா, எனக்கும் அப்படித்தான் படுகிறது. இருந்தாலும் வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கிற ஜீவனிப் பக்கற் நாலைந்து கைப்பையில் இருக்கட்டும்.

ஈரத்துவாய்தான் வானை நாறவைப்பது. தடித்த துவாய்களை விட்டுவிட்டு ஆளுக்கு இரண்டு மெல்லிய பருத்தித் துவாய் கொண்டுபோங்கள். வான் நின்ற உடனே கயிறு கட்டி உடுப்புக் காயப்போடுவது மூத்தவளின் வேலை. ஆவணி வெயிலில் சாப்பிட்டு முடிப்பதற்குள் மெல்லிய உடுப்பு காய்ந்துவிடும். மார்கழியில் அது நடக்காது, இரண்டு நாளுக்கு ஒருமுறை சலவைக் கடையைத் தேடித்தான் ஆக வேண்டும்.

சாரதியை மறக்காதீர்கள். நாங்கள் ஐந்து பேரும் குளித்து முடிக்கும்வரை அவர் வாகனத்தோடு நிற்பார். அறை எடுத்தாலும் வீட்டில் கேட்டாலும், “அண்ணை, நீங்களும் குளிச்சிட்டு வாங்கோ, அவசரம் இல்லை” என்று சொல்லி, சவர்க்காரமும் காய்ந்த துவாயும் கொடுங்கள். இரவு எங்கே படுக்கிறார், அங்கே தண்ணீர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

திரும்புகிற நாளுக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ போகிறவர்கள், சப்பாத்தில் மண் இருந்தால் விமான நிலையத்தில் அறிவிக்க வேண்டும். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட முதல்நாளே எல்லாச் செருப்பையும் சப்பாத்தையும் கிணற்றடியில் வைத்து, பழைய பல்துலக்கியால் அடியில் இருந்த செம்மண்ணைத் தேய்த்துக் கழுவி, மதிலில் காயவைத்துப் பையில் கட்டிவிட்டோம். மறுநாள் நீர்கொழும்பில் ஒரு அறை எடுத்து ஐவரும் குளித்து, அதற்கென்று ஒதுக்கி வைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போனோம்.