தீபாவளி லேகியம்: முதல் தடவ கிளர்றவங்களுக்கு

தீபாவளிக்கு மூணு நாள் முன்னாடியே வீட்ல முறுக்கு, ரிப்பன் பக்கோடா, அதிரசம்னு டப்பா டப்பாவா ரொம்ப ஆரம்பிச்சிடும், "உப்பு சரியா இருக்கான்னு பாரு"ன்னு அடுப்பங்கரைலேர்ந்து நீட்டுறத வாங்கி வாங்கி தின்னே பாதி வயிறு கெட்டுடும், அப்புறம் பண்டிகை அன்னிக்கு இருக்கு மீதி கூத்து. அதனாலதான் விடியக்காலைல எண்ணெய் தேய்ச்சு குளிச்சு முடிச்சதும் ஸ்வீட் தட்டு வர்றதுக்கு முன்னாடியே வெறும் வயித்துல ஒரு உருண்டை லேகியம் குடுப்பாங்க. சின்ன வயசுல அத கன்னத்துல ஒதுக்கிக்கிட்டே கொல்லப்பக்கம் போய் துப்பிட்டு வந்த ஆளு நான். இப்ப வருஷா வருஷம் நானே கிளர்றேன், என்ன சொல்றது.

டப்பால ரெடிமேடா கிடைக்குதேன்னு கேப்பீங்க. நான் வாங்கிப் பாத்த வரைக்கும் வெல்லம்தான் தூக்கல், இஞ்சி ஏதோ பேருக்கு. வீட்ல பண்ணா ரெண்டு மணி நேரம், அதுல ஒரு மணி நேரம் சும்மா ஊறப்போடுறதுதான்.

சாமான் வாங்குறது

நாட்டு மருந்துக் கடைல "லேகிய சாமான்"னு கேட்டா சீசன்ல பொட்டலமாவே கட்டித் தருவாங்க. ஆனா முதல் தடவ பண்றவங்க தனித்தனியா வாங்குங்க, எது எதுன்னு கண்ணு பழகும். குழப்புறது ரெண்டு திப்பிலிதான். அரிசித்திப்பிலிங்கறது காய், கருப்பா குட்டி குட்டி கதிர் மாதிரி இருக்கும். கண்டந்திப்பிலி அந்தக் கொடியோட வேரு, குச்சி குச்சியா இருக்கும், திப்பிலி மூலம்னும் சொல்லுவாங்க. ரெண்டும் வேணும்.

ஒரு வீட்டுக்குப் போதுமான அளவு இது: இஞ்சி 100 கிராம், தனியா 2 டேபிள்ஸ்பூன், மிளகு, சீரகம், ஓமம் ஒவ்வொண்ணும் 1 டேபிள்ஸ்பூன், அரிசித்திப்பிலி 10 கிராம், கண்டந்திப்பிலி 10 கிராம், சுக்கு விரல் கணு அளவு ஒரு துண்டு, சித்தரத்தை அதே அளவு. வெல்லம் 250 கிராம், நல்லெண்ணெய் 4 டேபிள்ஸ்பூன், நெய் 4 டேபிள்ஸ்பூன், தேன் 2 டேபிள்ஸ்பூன்.

ஸ்டெப் 1: இடிக்கிறது, வறுக்கிறது

சுக்கையும் சித்தரத்தையையும் அப்படியே மிக்ஸில போடாதீங்க. சித்தரத்தை கட்டைதான், சந்தேகமே வேணாம். நான் போட்டேன், டொக்குன்னு ஒரு சத்தம், ஜார் அடில இருக்கற கப்ளர் ரெண்டா போச்சு, தீபாவளிக்கு மொத நாள் எந்த ரிப்பேர் கடை திறந்திருக்கும் சொல்லுங்க. அம்மியோ இடிகல்லோ இருந்தா அதுல நச்சுக்கோங்க, இல்லன்னா துணில சுத்தி சுத்தியலால நாலு போடு. அப்புறம் எல்லாத்தையும் வெறும் வாணலில லேசா சூடு ஏறுற வரைக்கும் வறுத்தா போதும். ஓமத்த கடைசில போடுங்க, அது சட்டுனு கருகி கசந்துடும். ஆறினதும் நைஸா அரைச்சு சலிச்சு, அந்தப் பொடிய ஒரு டம்ளர் வெந்நீர்ல ஒரு மணி நேரம் ஊற விடுங்க, இப்படி ஊறினா லேகியத்துல பல்லுல நறநறன்னு மாட்டாது.

ஸ்டெப் 2: இஞ்சிச் சாறு

"சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு"ன்னு பழைய ஆளுங்க சொல்லுவாங்க, அதாவது இஞ்சிக்கு மேல்தோல் ஆகாது, சுரண்டிடணும். நறுக்கி அரை டம்ளர் தண்ணி விட்டு அரைச்சு துணில பிழிஞ்சு, அந்தச் சாற ஒரு கால் மணி நேரம் ஆடாம அசையாம வைங்க. அடில வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சிருக்கும். மேல தெளிஞ்சத மட்டும் இறுத்துக்கிட்டு வண்டல விட்டுடுங்க.

ஸ்டெப் 3: கிளர்றது, இதுலதான் எல்லாமே

அடி கனமான வாணலில இஞ்சிச் சாற ஊத்தி கொதி வந்ததும் ஊறின விழுதக் கரைச்சு விடுங்க. பச்ச வாசனை போற வரைக்கும், ஒரு ஏழெட்டு நிமிஷம். வெல்லத்த தனியா கொஞ்சம் தண்ணில கரைச்சு வடிகட்டி ஊத்துங்க, மண்ணு இருக்கும், பாகு பதமெல்லாம் பாக்க வேணாம். இப்ப அடுப்ப கொறைச்சுடுங்க, ஏன்னா கெட்டியாக ஆரம்பிச்சா புஸ் புஸ்னு குமிழ் வெடிச்சு கையில தெறிக்கும், நீளக் கரண்டி எடுத்துக்கோங்க. மொதல்ல நல்லெண்ணெய், அப்புறம் நெய், ஒவ்வொரு ஸ்பூனா விட்டு விட்டு கிளறுங்க, மொத்தமா கொட்டாதீங்க.

எப்ப நிறுத்தணும்? இங்கதான் புதுசா பண்றவங்க எல்லாரும் கோட்ட விடுறாங்க. கரண்டியால வாணலி அடில ஒரு கோடு இழுங்க. கோடு உடனே மூடிக்கிட்டா இன்னும் ஆகல. ஒரு நொடி அடி தெரிஞ்சு மெதுவா மூடினா, ஓரத்துல எண்ணெய் பளபளன்னு கசிஞ்சு நின்னா, அப்பவே ஆஃப் பண்ணிடுங்க. பாக்க தளதளன்னு இன்னும் பத்தலையோன்னுதான் தோணும், தோணட்டும், ஆற ஆற தானா இறுகும். நான் முதல் வருஷம் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்"னு கிளறி மறுநாள் காலைல பாத்தா அசல் கமர்கட்டு. எங்க சித்தப்பா சாவிக்கொத்தால அத ஒரு தட்டு தட்டிட்டு "இது வயித்துக்கா, கதவுக்கு முட்டுக் குடுக்கவாடா"ன்னாரு. அப்படி ஆயிட்டாலும் தூக்கிப் போட வேணாம், ரெண்டு கரண்டி வெந்நீர் தெளிச்சு சின்ன தீயில திரும்ப இளக்கினா வழிக்கு வந்துடும்.

தேன் நல்லா ஆறினப்புறம்தான். கலந்து கண்ணாடி பாட்டில்ல போட்டு, ஈரமில்லாத ஸ்பூன் மட்டும் போடுங்க, ஃப்ரிட்ஜ்ல வச்சா ஒரு மாசம் தாங்கும்.

எவ்ளோ சாப்பிடணும்

பெரியவங்களுக்கு நெல்லிக்காய் அளவு, பசங்களுக்கு சுண்டைக்காய் அளவு. ருசியா வந்துடுச்சுன்னு ஸ்பூன் ஸ்பூனா அடிச்சா வயிறு எரியும், அதுக்கு நான் பொறுப்பில்ல. இஞ்சி வயித்துல இருக்கறத சீக்கிரம் கீழ தள்ளி விடும், மிளகுலயும் திப்பிலிலயும் காரம் குடுக்கறது பைப்பரின்ங்கற ஒரே சமாச்சாரம்தான், ஓமத்துல தைமால் இருக்கு, அந்த மூக்குல ஏறுற வாசனை அதோடது. அதுக்காக லேகியம் சாப்பிட்டாச்சேன்னு பன்னெண்டு அதிரசம் உள்ள தள்ளினா எந்தத் திப்பிலியும் காப்பாத்தாது.

சுகர் இருக்கறவங்க, இதுல கிட்டத்தட்ட பாதி வெல்லம்தான், நாட்டு வெல்லம்னாலும் சர்க்கரை சர்க்கரைதான். அல்சர் இருந்தாலோ, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுத்தாலோ, கர்ப்பமா இருந்தாலோ டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோங்க. ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு தேன் சேர்ந்த எதுவும் கூடவே கூடாது. முக்கியமா, நெஞ்ச அடைக்குது, கை இழுக்குது, வேர்த்துக் கொட்டுதுன்னா கேஸ்னு நெனச்சு லேகியத்த தேடாதீங்க, நேரா ஆஸ்பத்திரி.

மறுநாளும் வயிறு கல்லு மாதிரி இருந்தா கட்டாயப்படுத்தி சாப்பிடாதீங்க. பசிச்சப்புறம் மிளகு ரசம் ஊத்தி குழைஞ்ச சாதம், பெருங்காயம் போட்ட நீர் மோர், அவ்ளோதான். சாப்பிட்டதும் படுக்காம தெருக்கோடி வரைக்கும் ஒரு நட போய்ட்டு வாங்க, வழில யாரு வீட்லயாவது கூப்ட்டு தட்டு நீட்டுவாங்க, பாத்துக்கோங்க.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். கிளறின வாணலிய உடனே தேய்க்கப் போட்றாதீங்க. ஒட்டிக்கிட்டு இருக்கறதுல ரெண்டு டம்ளர் வெந்நீர் ஊத்தி சொரண்டி ஒரு கொதி விட்டா கஷாயம். ஐப்பசி மழ வெளில பெய்யறப்ப, கிளறி கை வலிச்சவங்களுக்கு மட்டும் அது.