தழும்பின் அளவை முதலில் கேட்காதீர்கள்: பச்சிளங் குழந்தையின் பிரிமென்றகட்டுக் குடலிறக்கத்திற்கான சத்திரசிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பித்தப்பைக் கல்லுக்குக் கமரா ஒப்பரேஷன் செய்துகொண்டு, இரண்டு நாளில் வீடு திரும்பிய ஒருவரை மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இன்று பலருக்கும் தெரியும். அதனால்தான், பிறந்த குழந்தைக்குப் பிரிமென்றகட்டில் துவாரம் இருக்கிறது என்று வைத்தியர் சொன்னதும், "வயிற்றைக் கிழிக்காமல் துளை போட்டுச் செய்ய ஏலாதா டொக்டர்?" என்ற கேள்வி அம்மம்மாவிடமிருந்தோ வாப்பாவிடமிருந்தோ முதலில் வந்துவிடுகிறது. பாசத்தில் பிறக்கும் கேள்வி அது, அதில் குற்றமில்லை. ஆனால் அதையே முதற் கேள்வியாக வைத்துக்கொண்டு வெட்டித் திறந்து செய்யும் முறையையும் துளை போட்டுச் செய்யும் முறையையும் ஒப்பிடத் தொடங்கினால், பின்னால் வரும் ஒப்பீடுகள் எல்லாம் சரிந்துவிடுகின்றன.

நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரிக்கும் தசைத் தகடுதான் பிரிமென்றகடு. இந்தியத் தமிழில் அதை உதரவிதானம் என்பார்கள். கருவின் தொடக்க மாதங்களில் அது முழுமையாக மூடப்படாமல் விட்டால், குடலும் இரைப்பையும் சில வேளைகளில் ஈரலும் நெஞ்சுக்குள் ஏறிவிடும். ஏறத்தாழ 3000 பிறப்புகளில் ஒன்றில் இது நிகழ்கிறது. அவற்றுள் நூற்றுக்கு 80 இற்கும் மேற்பட்டவை இடப்பக்கத்திலேயே அமைகின்றன. கவட்டில் வீங்கித் தெரியும் சாதாரண குடலிறக்கத்தோடு இதைச் சேர்த்து எண்ணிவிடக் கூடாது. இங்கே உயிரைப் பறிப்பது துவாரமல்ல. குடல் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் வளராமற்போன சுவாசப்பையும், அந்தச் சுவாசப்பைக்குள் இறுகிக்கிடக்கும் இரத்தக் குழாய்களும்தான் குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகின்றன.

இதை உணராமல் "உடனே ஒப்பரேஷன் செய்யுங்கள்" என்று அவசரப்படுத்துவதே முதல் தவறு. இந்த அவசரத்திற்கு ஒரு வரலாறும் உண்டு. 1946 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரைச் சேர்ந்த ரொபேட் குறோஸ், பிறந்து 24 மணித்தியாலம்கூட ஆகாத குழந்தை ஒன்றுக்கு இந்தத் துவாரத்தை வெற்றிகரமாக மூடியதை வெளியிட்டார். அதன் பின்னர் பல தசாப்தங்களாக, எவ்வளவு விரைவாக மூடுகிறோமோ அவ்வளவு நல்லது என்றே வைத்தியர்களும் நம்பினார்கள். 1980 களின் பிற்பகுதியிலிருந்து அந்த எண்ணம் மாறத் தொடங்கியது. முதலில் குழந்தையை நிலைப்படுத்தி, அதன் பின்னரே சத்திரசிகிச்சை செய்வதுதான் இன்றைய வழக்கம். ஐரோப்பிய நிபுணர்கள் 2015 இல் இணங்கிய வழிகாட்டல், சத்திரசிகிச்சைக்கு முன்னர் இரத்த அழுத்தம் வயதுக்கு உரிய அளவில் இருக்க வேண்டும் என்கிறது. 50 சதவீதத்திற்கும் குறைவான ஒட்சிசனைக் கொடுக்கும்போதே வலது கையில் அளக்கும் ஒட்சிசன் செறிவு 85 முதல் 95 சதவீதம் வரை நிற்க வேண்டும் என்றும், குழந்தையின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் மணிக்கு 1 மில்லிலீற்றருக்கு மேல் சிறுநீர் போக வேண்டும் என்றும் அது கூறுகிறது. வைத்தியர் நாட்களைக் கடத்துகிறார் என்று பெற்றோருக்குத் தோன்றும் அந்த நாட்களில், உண்மையில் சிகிச்சை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இரண்டாவது தவறு, வெளியே காயம் சிறிது என்றால் உள்ளே நடப்பதும் சிறிது என்று நினைப்பது. திறந்த முறையில் விலா எலும்புகளுக்குக் கீழே வயிற்றில் வெட்டி, உறுப்புகளைக் கீழே இறக்கித் துவாரத்தை மூடுகிறார்கள். நுண்துளை முறையில், பச்சிளங் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் நெஞ்சின் பக்கவாட்டில் 3 அல்லது 5 மில்லிமீற்றர் அளவுள்ள துளைகள் வழியாகக் கமராவையும் கருவிகளையும் செலுத்தி அதே வேலையைச் செய்கிறார்கள். இடம் உண்டாக்குவதற்காக நெஞ்சுக்குள் காபனீரொட்சைட்டு வாயுவைக் குறைந்த அழுத்தத்தில் நிரப்புவார்கள். பித்தப்பை எடுத்த பெரியவரின் சுவாசப்பை அந்த வாயுவை வெளியேற்றிவிடும். குழந்தையின் வளராத சுவாசப்பைக்கு அந்த வலிமை இருப்பதில்லை. வாயு இரத்தத்தில் சேர, இரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. அமிலத்தன்மை கூடக்கூட, ஏற்கெனவே இறுகியிருக்கும் சுவாசப்பைக் குழாய்கள் மேலும் இறுகுகின்றன. லண்டனில் எழுமாற்றாகப் பிரித்துச் செய்யப்பட்டு 2013 இல் வெளியான ஒரு சிறிய ஆய்விலும், இந்தக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுள் நெஞ்சுத்துளை முறைக்கு உட்பட்டவர்களின் இரத்தத்தில் காபனீரொட்சைட்டும் அமிலத்தன்மையும் திறந்த முறையைவிடக் கூடுதலாகவே பதிவாகின. அந்த ஆய்வில் இந்தக் குறைபாடுள்ளோர் 10 பேர் மட்டுமே என்பதால் அதையே இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆனாலும் எச்சரிக்கையாக அது போதுமானது.

இனி, என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. இணையத்தில் தேடும் படித்த பெற்றோரும், சில வேளைகளில் மருத்துவ மாணவர்களும் இதில் விழுகிறார்கள். துளை முறையில் செய்யப்பட்ட குழந்தைகள் கூடுதலாக உயிர்பிழைத்தார்கள், விரைவாக வீடு சென்றார்கள் என்று ஒரு கட்டுரை சொல்லும்போது, அந்தக் குழந்தைகள் யார் என்று கேட்பதில்லை. சத்திரசிகிச்சை நிபுணர்கள் துளை முறைக்குத் தெரிந்தெடுத்தவர்கள், துவாரம் சிறியதாகவும் சுவாசம் ஓரளவு நிலையாகவும் இருந்த குழந்தைகள். தசையே ஏறத்தாழ இல்லாமற்போய், செயற்கைத் துணித்துண்டை வைத்துத் தைக்க வேண்டிய குழந்தைகள் பெரும்பாலும் திறந்த முறைக்கே போனார்கள். துவாரத்தின் அளவைச் சிறியதிலிருந்து பெரியதாக நான்கு படிகளில் வகுக்கும் முறை இன்று இருக்கிறது. ஒரே படியில் உள்ள குழந்தைகளை ஒப்பிடாத எந்த ஒப்பீடும், வாவியில் தோணி வலிப்பவரையும் ஆழ்கடலில் வலிப்பவரையும் நிறுத்தி யார் வேகமாக வந்தார் என்று கேட்பதைப் போன்றதே.

இந்தச் சாய்வைத் தெரிந்துகொண்டு படித்தால்தான் அடுத்த எண்ணின் கனம் விளங்கும். பல நாடுகளின் வைத்தியசாலைகள் சேர்ந்து பேணும் பதிவேட்டிலிருந்து 2011 இல் வெளியான பகுப்பாய்வில், வைத்தியசாலையை விட்டு வெளியேறுவதற்கு முன்னரே துவாரம் மீண்டும் திறந்துகொண்டவர்கள் துளை முறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 8 பேராகவும், திறந்த முறையில் 3 பேருக்கும் குறைவாகவும் இருந்தார்கள். இலகுவான குழந்தைகளைத் தெரிந்தெடுத்த பின்னரும் மீள்வருகை கூடியிருப்பதைக் கண்டுகொள்ளாமல் விட முடியாது. ஒடுக்கமான நெஞ்சுக்குள், விலா எலும்பை ஒட்டிய பின்மூலையில், நீண்ட கருவிகளால் இழுத்து முடிச்சுப் போடுவது கடினம் என்பது அதற்குச் சொல்லப்படும் முக்கிய காரணம்.

இதனாலேயே திறந்த முறைதான் எப்போதும் பாதுகாப்பானது என்று எதிர்ப்பக்கம் சாய்வதும் தவறு. வயிற்றைத் திறந்தால் குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மாதங்களோ வருடங்களோ கழித்துக் குடலடைப்பு வரக்கூடும். நுண்துளை முறையில் அது குறைவு. ஒரு மாத வயதைத் தாண்டிய பின்னர் கண்டுபிடிக்கப்படும் குழந்தைகளுக்குச் சுவாசப்பை பெரும்பாலும் நன்றாக வளர்ந்திருக்கும் என்பதால் அவர்களுக்குத் துளை முறை நன்கு பொருந்துகிறது. அதே வேளை, துளை முறையில் செய்தால் விலா எலும்பு ஒட்டாது, முதுகு வளையாது என்ற வாதத்தைக் கவனமாகக் கேட்க வேண்டும். அது நெஞ்சைப் பெரிதாகத் திறப்பதோடு ஒப்பிட்டுச் சொல்லப்படுவது. இந்தக் குறைபாட்டுக்குத் திறந்த முறையில் வழக்கமாக வெட்டுவது வயிற்றைத்தான்.

துளை முறையில் தொடங்கி இடையில் திறந்த முறைக்கு மாறினால், அதைத் தோல்வி என்று சில உறவினர்கள் பேசுவதுண்டு. காபனீரொட்சைட்டு ஏறும்போது நிறுத்தி மாறும் நிபுணரே உங்கள் பிள்ளையைக் காப்பாற்றுகிறார்.

எங்கள் மாவட்டங்களுக்கு உரிய ஒரு தவறும் இருக்கிறது. கருப்பையில் இருக்கும்போதே ஸ்கானில் தெரிந்த பின்னரும், பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். அம்பாறையிலிருந்து மகியங்கனை மலைப்பாதை வழியாகப் பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்குப் போவதும் சுகமான பயணமல்ல. செயற்கைச் சுவாசத்தோடு அம்புலன்ஸில் போவதைவிடத் தாயின் வயிற்றுக்குள் இருந்தபடி போவதே குழந்தைக்கு நல்லது. ஆகவே எங்கே பிரசவிப்பது என்பதை மகப்பேற்று நிபுணரோடு முன்கூட்டியே பேச வேண்டும். பேசும்போது, அங்கே துளை முறை இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், பச்சிளங் குழந்தை அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் இடமும், இந்தக் குறைபாட்டில் அனுபவமுள்ள சிறுவர் சத்திரசிகிச்சை நிபுணரும் இருக்கிறார்களா என்று கேளுங்கள். எந்த முறை என்பதை, பிள்ளையைக் கண்ணால் கண்ட பிறகு அவர் முடிவுசெய்யட்டும்.

கடைசித் தவறு வீட்டுக்கு வந்த பின்னர் நிகழ்வது. தழும்பு ஆறியதும் கிளினிக்கை மறந்துவிடுகிறார்கள். மீள்வருகை சில வேளைகளில் எந்த அறிகுறியும் இல்லாமல் எக்ஸ்ரேயில் மட்டுமே தெரியும். எந்த முறையில் செய்தார்கள், துணித்துண்டு வைத்தார்களா என்ற விபரம் உள்ள டயக்னோசிஸ் காட்டின் பிரதியைப் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். பொத்துவிலிலோ வாகரையிலோ ஓர் இரவில் பிள்ளை பச்சை நிறமாக வாந்தி எடுத்தால், அல்லது மூச்செடுக்கச் சிரமப்பட்டால், முதலில் காணும் வைத்தியரிடம் அந்தக் காட்டைக் கொடுத்து, பிரிமென்றகட்டில் ஒப்பரேஷன் செய்த பிள்ளை என்று சொல்லுங்கள். மீண்டும் நெஞ்சுக்குள் ஏறிய குடலை, சளி என்றோ நெஞ்சறையில் காற்றுக் கட்டியது என்றோ எக்ஸ்ரேயில் பிழையாக விளங்கிக்கொள்ள இடமுண்டு.